சுருதிப்பேய்

"இந்த ஆளு என் உயிரை வாங்கறான்!" மனைவி லேப்டாப்பைத் தள்ளினாள்.

கம்ப்யூட்டரிலேயே எல்லா வாத்தியங்களையும் வாசிக்க உதவும் சிந்தசைசர் பிளக்-இன் என்ற மென்பொருள் அவள் சொந்தமாக எழுதி விற்பது. அதை வாங்கியவர்களில் 'சுருதிப்பேய்' என்ற புனைபெயர்க்காரன் மட்டும் தினமும் குறை எழுதினான்.

விளம்பரங்களுக்கு இசையமைக்கும் கணவன், கழுத்தில் ஹெட்போனோடு பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னிக்கு என்னவாம்?"

"பட்டனெல்லாம் எறும்பு சைஸுல இருக்காம். வால்யூமைத் தொட்டா எல்லாம் உறைஞ்சு போகுதாம். கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் வித்திருக்கணுமாம்!"

"நல்லதா ஒண்ணுமே சொல்லலையா?"

"புல்லாங்குழல் சத்தத்தைக் கேட்டா கண்ணுல தண்ணி வருதாம். அதுக்காகத்தான் மத்ததைச் சகிச்சுக்கறானாம்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்ப விஷயம் தெரிஞ்ச ஆளுதான். கோபப்படாம பதில் போடு."

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்: 'அன்புள்ள ஐயா, தாங்கள் சொல்வது சரியே. சிரமத்துக்கு வருந்துகிறேன். மிக்க நன்றி.' அனுப்பினாள்.

கணவனின் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது.

அவள் எட்டிப் பறித்தாள். திரையில் 'அன்புள்ள ஐயா'.

"நீங்களா? பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டு, இதை வாயால சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே! பட்டன் சின்னதா இருக்குன்னதுக்கு, 'உங்க கண்ணு கெட்டுப்போனா நான் என்ன பண்றது'ன்னு கத்தினே." கணவன் போனை வாங்கி மறுபடியும் படித்தான். "கல்யாணம் ஆனதுலேருந்து, நான் சொன்னது சரின்னு நீ ஒத்துக்கிட்டது இதுதான் முதல் தடவை!"