ஆடாதவளின் பெயர்

பந்து என் விரலை விட்டுப் போகும் முன்பே வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“கோரா!”

கத்தியவள் இங்க்ரிட். அவர்களின் லிபரோ. மற்ற ஐந்து பேரும் சிவப்பில் இருக்க, அவள் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையைக் காப்பவள்.

ஐந்தாவது செட். பதினான்குக்குப் பதின்மூன்று என்று அவர்கள் முன்னால் இருந்தார்கள். இந்தப் புள்ளி போனால் எங்களுக்கு எல்லாம் முடிந்தது.

எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே முடியும். இது என் கடைசி வருடம். மே மாதம் பட்டம், ஜூனில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேசை வேலை. அங்கே யாரும் வாலிபால் ஆடுவதில்லை.

எங்கள் செட்டர் மேகி பந்தை அழகாகத் தூக்கிக் கொடுத்திருந்தாள். “வெரா, உனக்குத்தான்டி!”

தடுப்பதற்கு இரண்டு உயரமான பெண்கள் எழும்பினார்கள். ஓங்கி அடிப்பதுபோல் கையைக் கொண்டுபோய், கடைசி நொடியில் அவர்களுக்குப் பின்னால் மெல்லத் தட்டிவிட்டேன். இந்த வருடம் ஏழெட்டு அணிகளை ஏமாற்றிய பிளேசிங்.

பந்து விழவேண்டிய இடத்தில் இங்க்ரிட் ஏற்கெனவே படுத்திருந்தாள்.

அவள் கையில் பட்டு அது எழுந்தது. ஒருத்தி தூக்கிக் கொடுத்தாள். ஒருத்தி அடித்தாள். எங்கள் தரையில் அது மோதிய சத்தத்தை எட்டாயிரம் பேரின் கூச்சல் விழுங்கிவிட்டது.

மேகி இடுப்பில் கை வைத்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“யாருடி அந்தக் கோரா? உள்ள நிக்கிற ஆறு பேர்ல அப்படி ஒருத்தியே இல்ல. பதற்றத்துல பேரெல்லாம் மறந்துபோச்சா அவளுக்கு?”

கோரா இருக்கிறாள். உள்ளே இல்லை, அவ்வளவுதான்.

அந்த அணியின் பெஞ்சில் உட்காருகிறவர்கள் எல்லோரும் தங்கள் ஊரில் முதல் ஆட்டக்காரிகள். வேறு எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஆறில் ஒருத்தியாகிவிடுவார்கள். இங்கே அவர்களுக்கு வேறு வேலை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முந்தைய வாரம் அவர்களில் ஒருத்தி எதிரணியின் முக்கிய ஆட்டக்காரியாக மாறவேண்டும். அவளுடைய எண்ணை ஒட்டிய மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு, வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவளைப் போலவே ஓடி, எழும்பி, அடிக்கவேண்டும். ஆடப்போகும் ஆறு பேரும் அவளைத் தடுத்துப் பழகுவார்கள். பிறகு பந்தய நாளில் அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு வருடம், பந்தயத்தின் நடுவில், லிபரோவுக்கு வாய் தவறிவிட்டது. எதிரணிக்காரி எழும்பியதும், வாரம் முழுக்கக் கத்திப் பழகிய பெயரையே கத்திவிட்டாள். மஞ்சள் பனியன்காரியின் பெயர். ஆறு பேரும் மிகச் சரியான இடங்களுக்கு நகர்ந்தார்கள். புள்ளி கிடைத்தது.

பெஞ்சில் இருந்த அந்தப் பெண், தன்னைத்தான் உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றுவிட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. இனிமேல் இப்படியே கத்துங்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. யாருடைய பெயரைக் கத்திப் புள்ளி கிடைத்ததோ, அவளுக்குக் கத்தியவள் திங்கள்கிழமை காலை உணவில் கிடைக்கும் தன் லவங்கப்பட்டை பன்னைக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த வாரம் மஞ்சள் பனியனில் ஒட்டியிருந்தது என் எண். ஒன்பது.

கைகுலுக்கும் வரிசையில் கடைசியாக ஒரு மெலிந்த பெண் வந்தாள். கோரா. மேலங்கியின் ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது. இன்று முழுவதும் அவள் அதைக் கழற்றவே இல்லை.

கையை விடாமல் கேட்டேன். “நான் தட்டப்போறதை எதை வச்சுக் கண்டுபிடிச்ச?”

அவள் காது சிவந்தது. “ஓங்கி அடிக்கும்போது உங்க இடது கை கொஞ்ச நேரம் மேலயே நிக்கும். தட்டும்போது சட்டுன்னு இறங்கிடும். கண்ணாடி முன்னாடி நாலு நாள் பழகினேன். மன்னிச்சிருங்க, வெரா.”

இந்தக் கல்லூரிக்கு மாறி வந்த இரண்டு வருடத்தில் என் கையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கே தெரியாது.

என் கடைசிப் பந்து தரையில் விழுந்து வீணாகவில்லை. அதை மனப்பாடமாக அறிந்த ஒருத்தி இருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. நன்றி என்றுதான் சொல்ல வந்தது. சொன்னேன்.

அவள் விழித்தாள். தோற்றவர்கள் யாரும் அவளுக்கு இதுவரை நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள்.

“திங்கக்கிழமை இங்க்ரிட் ஓரத்துல காய்ஞ்ச பன்னைக் கொடுத்து ஏமாத்தப் பாப்பா. விடாத. தட்டோட நடுவுல இருக்கறதா கேளு” என்றேன்.

அதற்குள் இங்க்ரிட் பின்னாலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வெள்ளைச் சட்டை நனைந்து சில்லென்றிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் வாய் தவறிய லிபரோ இவள்தான்.

அன்று இவள் கத்திய பெயர் வெரா.