காயாத தோல்

விண்ட்ஹூக்கில் வேட்டைப் பொருள்களைப் பெட்டியிலடைத்துக் கப்பலேற்றும் கொட்டகையில், தோல்களுக்கு உப்பிட்டு உலர்த்துபவள் தூயோலேனி. வெளிநாட்டு வேட்டைக்காரர் வில்பிரட்டின் ஓரிக்ஸ் மான் தோல் மட்டும் காயவேயில்லை. ஆணைவிடப் பெண்ணுக்கே கொம்பு நீளம் என்பதால், குட்டி ஈன்ற தாயைச் சுட்டிருந்தார். தினமும் காலையில் மடிப்பக்கம் பாலில் நனைந்து கிடந்தது.

“ஈரத் தோலைச் சுங்கத்துல விடமாட்டாங்க மேமே. என்னால முத்திரை குத்த முடியாது,” என்று அவளை அம்மா முறையில் அழைத்துச் சொன்னார் கால்நடை அதிகாரி ஹைதூலா.

“ஒரு தோலைக் காயவைக்கத் துப்பில்ல. நாளைக்கும் ஈரமா இருந்தா முதலாளிகிட்ட சொல்லி உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்,” என்றார் வில்பிரட்.

“கொம்பை அளந்த கண்ணுக்கு மடி தெரியலையாக்கும்,” என்றாள் அவள்.

அன்று மாலை ஆண்டவரை வேண்டிக்கொண்டு, தோலை வேலியோரம் மணலில், மடி மேலே தெரியும்படி விரித்து வைத்தாள். காலையில் அது சருகாகக் காய்ந்திருந்தது. மணலில் சின்னக் குளம்புத் தடங்கள் தோல்வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

முத்திரை விழுந்தது.

“பார்த்தியா, மிரட்டினாத்தான் உங்களுக்கு வேலை ஓடுது,” என்று வில்பிரட் இளித்தார்.

தோலை வைத்த பெட்டியை நகர்த்திய ஆட்கள், ஒரு தோலுக்கா இவ்வளவு கனம் என்று முனகினார்கள். தூயோலேனி ஆணி அடிப்பவனிடம் போய் மெதுவாகச் சொன்னாள்:

“பலகையை நெருக்கி அடிக்காதேப்பா. மூச்சு விடக் கொஞ்சம் சந்து வை.”