நாலு பேருக்கு உப்பு

ரத்த அழுத்தம் எகிறியிருந்ததால், டாக்டர் அந்த பஸ் மெக்கானிக்கை உணவு ஆலோசகரிடம் அனுப்பியிருந்தார்.

"ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு அஞ்சு கிராம் உப்பு போதும் ஐயா. ஒரு டீஸ்பூன்தான். நீங்க எவ்வளவு சேர்த்துக்கறீங்க?"

"யாரும்மா அளந்து போடுறா? எல்லாம் கை அளவுதான்."

"வீட்டுல எத்தனை பேர்?"

"நாலு பேரும்மா. நான், அவ, பையன், பொண்ணு."

"ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வரும்?"

"அம்பது நாள் வரும்."

அவள் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு இருபது கிராம், தலைக்கு ஐந்து. பிசகே இல்லை. பிறகு ஏன் இப்படி எகிறுகிறது?

"சமைக்கிறவங்ககிட்டயே கேட்டுடலாம். அடுத்த தடவை வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாம்மா சமைக்கிறேன். அவ போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா. பையன் வேலை கிடைச்ச ஊர்லயே தங்கிட்டான். வாய்ப் பழக்கத்துல நாலுன்னு வந்துடுச்சு."

அவளுடைய பேனா நின்றது. "அப்ப அந்த ஒரு கிலோ உப்பும்...?"

"நான் ஒருத்தன்தான். படுக்கையில விழுந்தப்ப அவ படுத்துக்கிட்டே சொல்லிக் கொடுத்த சமையல். நாலு பேருக்குத்தான் அளவு சொன்னா. வேற அளவு எனக்குத் தெரியாது. மிச்சத்தைக் கொட்ட மனசு வராம நானே சாப்பிட்டுடுவேன்."

 அவள் ஒரு புதுத் தாளை எடுத்தாள்.

"ஒருத்தருக்கு எப்படிச் சமைக்கறதுன்னு எழுதித் தர்றேன் ஐயா."

"எழுதுங்கம்மா. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் மூணு பேருக்கு எழுதிடுங்க. பசங்க வந்தாலும் வருவாங்க."