வெண்கலத் தொண்டையும் வராத பஸ்ஸும்

மேயரை இன்று துவைத்துக் காயப்போடுவது என்ற முடிவோடுதான் எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ‘வெண்கலத் தொண்டை’ மாமன்றத்துக்கு வந்திருந்தார். அவர் எழுந்து மைக்கைத் தள்ளி வைத்ததுமே முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டது.

“ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டி ஏழைங்களைக் குடிவெச்சீங்களே, அவங்க வேலைக்குப் போக பஸ் விட்டீங்களா?”

“விட்டிருக்கோமே” என்றார் மேயர்.

“எங்கய்யா விட்டீங்க? அங்க குடியிருக்கற என் அக்கா பொண்ணு காலையிலேருந்து ஸ்டாப்புல நிக்குது. மதியம் அவளுக்கு இன்டர்வியூ. அக்கா போன்ல அழுவுறா. ஒரு பஸ்கூட வரலை!”

வெளியே திரண்டிருந்த அவருடைய கட்சிக் கூட்டம், “பஸ் விடு! பஸ் விடு!” என்று ஜன்னல் கண்ணாடி அதிர முழங்கியது.

மேயர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

“அந்த வழியில ஓடுற பஸ் எல்லாம் நம்ம வாசல்லதான் நிக்குது, அண்ணே. போராட்டத்துக்கு ஆள் கூட்டிவர நீங்கதானே வாடகைக்குக் கேட்டீங்க? நீங்க கேட்டு மறுக்க முடியுமான்னு எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டேன்.”

அவை சிரித்தது.

“இப்பவும் குடி முழுகிடலை. ஒரு பஸ்ஸை அனுப்பிவைங்க, பொண்ணு நேரத்துக்குப் போயிடும்.”

மறுபடி போன் அடித்தது. அக்காதான். வெண்கலத் தொண்டை, தான் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு பேசியது கடைசி வரிசைவரை கேட்டது.

“கொஞ்சம் பொறுக்கா. டி.வி.காரங்க இன்னும் வரலை. இப்ப ஒரு பஸ் கிளம்பினா, ‘பஸ் விடு’ன்னு கத்துற அத்தனை பேரும் அதுல ஏறி வீட்டுக்குப் போயிடுவாங்க!”