வெறும் வயிற்றில் வரவும்

"உண்மையைச் சொல்லுங்க ஐயா. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

ஸ்கேன் அறை டெக்னீஷியன் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அதில் நூற்றுத் தொண்ணூறு காட்டியது.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, வைத்தியம் எவ்வளவு கேட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த பெட் ஸ்கேன். தேதி கிடைக்கவே மூன்று வாரம் ஆயிற்று. கூரியர் ஆபீஸ் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தாள்.

"வெறும் வயித்துல வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா! சின்னக் குழந்தையா நீங்க?"

"நானும்தான் ராத்திரி சொன்னேன்," என்று அம்மா அவளைவிடச் சத்தமாக ஆரம்பித்தாள். "காதுல வாங்கினாத்தானே? ஒரு வேளை வாயைக் கட்ட முடியல இந்த மனுஷனால!"

அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"சாப்பிட்டிருந்தா, நாங்க போடற ஊசி மருந்து சதைக்கு ஓடிடும்மா. கட்டி இருந்தாலும் படத்துல சரியாத் தெரியாது," என்ற டெக்னீஷியன், அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். எல்லோரும் அடுத்த திட்டுக்குத் தயாரானார்கள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"பன்னு, டாக்டர்."

"பால்ல ஊற வெச்சா?"

"இல்ல, வெறும் பன்னு."

"எத்தனை?"

"ரெண்டு."

"நடுவுல தண்ணி குடிச்சு உள்ளே தள்ளினீங்களா?"

அப்பா யோசித்தார். "இல்லையே. அதுபாட்டுக்கு இறங்கிடுச்சு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாலு மாசம் முன்னாடி ஒரு மடக்குத் தண்ணி இறங்கலைன்னு என் முன்னாடி உட்கார்ந்து அழுதாரு. அதே ஆளு ரெண்டு பன்னை முழுங்கிட்டு வந்திருக்காரு. நீங்க என்னடான்னா திட்டிட்டு நிக்கறீங்களேம்மா!"

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதுக்காக ஸ்கேனை விட முடியாது," என்று டாக்டர் எழுந்தார். "உள்ளே என்ன மிச்சம் இருக்குன்னு படம்தான் சொல்லணும். மத்தியானம் கடைசி ஆளா இவரைப் படுக்க வைங்க. அதுவரைக்கும் தண்ணி மட்டும்தான், புரியுதா?"

அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

சாயங்காலம் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் டாக்டர். பழையதில் நெஞ்சுக்கு நடுவே தீக்கங்கு மாதிரி ஒரு வெளிச்சம். புதியதில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"மருந்து நல்லாவே கேட்டிருக்கு. தைரியமா ஆபரேஷனுக்குப் போகலாம்."

வெளியே வந்ததும் மகள் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்கப்பா. இருந்தாலும் இப்படியா, திருட்டுத்தனமா ரெண்டு பன்னு!"

"நானா எடுத்தது ஒண்ணுதாம்மா," என்றார் அப்பா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மகள் திரும்பினாள். அம்மாவின் முகம் சிவந்துபோயிருந்தது.

"என்னடி பார்க்கறே? விடியக்காலைல சமையல்கட்டுல சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நின்னுக்கிட்டே சாப்பிடறாரு. இருமல் இல்ல, புரை ஏறல, கண்ணுல தண்ணி இல்ல... ஸ்கேனாவது ஒண்ணாவதுன்னு ரெண்டாவது பன்னை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்!"