பிள்ளை வாக்கு

நேற்று போனில் கிசுகிசுத்த அதே குரல், இன்று தெருவே கூடும்படி கத்துகிறது.

"எம்புள்ளயப் பிரிக்கச் சொல்லி எந்தப் பாவி போன் பண்ணுனது?"

குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி வாசலில் நின்றாள். குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

'கூட்டிட்டுப் போயிருங்க மேடம். இன்னொருக்கா சூடு வெச்சான்னா புள்ள தாங்காது.' அப்படிக் கெஞ்சியவள் இவள்தான். பெற்றவள். தனம்.

சூடு வைத்தவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"போன் பண்ணுனது யாருன்னு சொல்லுங்க. அப்புறமாக் கூட்டிட்டுப் போங்க."

"சொல்லக் கூடாதுங்க. சட்டம்."

அவன் மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

அவன் மேல் வழக்கு வர இன்னும் நாளாகும். அதுவரை தனம் இந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

தனம் வாசலுக்கு ஓடி வந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"போன் பண்ணுன கை வெளங்காமப் போயிரும். அவ நாசமாப் போயிருவா."

தூற்றினாள்.

காற்றில் பாதி மண் அவள் தலையிலேயே விழுந்தது.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடியைத் தேடினான்.

மகள் மோனிஷா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அழுகிறாள். யாரோ ஒருத்தி அம்மாவை அழ வைத்துவிட்டாள். அவளுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

படியிறங்கி வந்தாள். குனிந்தாள். அவளும் ஒரு பிடி மண் அள்ளினாள்.

கையைத் தூக்கியபோது முழங்கைக்கு மேல் ஆறாத சூட்டுப் புண் தெரிந்தது.

தனத்தின் அழுகை சட்டென்று நின்றது.

தன் சாபத்துக்கு அவள் பயப்படவில்லை. பிள்ளை வாக்கு பலிக்கும் என்பார்கள்.

தடுக்கவும் முடியாது. அவன் இருக்கிறான்.

அதிகாரி தரையில் மண்டியிட்டு அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் தங்கம்."

"அம்மாவ அழ வெச்சாங்கல்ல?"

"இருக்கட்டும். அவங்களுக்கு மட்டும் நீ சாபம் விடாத."

"ஏன்?"

சொல்லலாம் என்றால் அதிகாரி அவளைக் கட்டிப்பிடித்துச் சொல்லியிருப்பாள்.

ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். மண்ணைக் கீழே உதிர்த்தாள். துப்பட்டாவால் உள்ளங்கையைத் துடைத்துவிட்டாள்.

பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.

பின்னால் தனம் மறுபடி தொடங்கினாள். இந்த முறை திட்டு முழுவதும் அதிகாரியின் மேல்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றையும் விடாமல் வாங்கிக்கொண்டாள்.