ஸ்டிக்கருக்கு ஒரு போட்டோ

பரிசுப்பொருள் கடைக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க மலிவாக மிஞ்சியிருந்தது, சோப்புக் குமிழி ஊதும் பாட்டில் ஒரே ஒரு பெட்டி. அதை ஒரு பக்கம் ஒரு பெண் பிடித்திருந்தாள், மறுபக்கம் ஓர் ஆள்.

“நான்தான் முதல்ல எடுத்தேன். இந்தாளை விடச் சொல்லுங்க.”

“என் பொண்ணு இதுதான் வேணும்னு கேட்டா. அந்தம்மாகிட்ட சொல்லுங்க.”

“என் பொண்ணும் இதையேதான் கேட்டா!”

“முப்பது பாட்டில் இருக்கு. ஆளுக்குப் பாதி வெச்சுக்கங்களேன்,” என்றார் கடைக்காரர்.

“பாதியெல்லாம் ஆகாது!” இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதில் மட்டும் என்ன ஒற்றுமை!

“அடுத்தவங்க கையில இருக்கறதைப் பிடுங்கியே பழக்கம்,” என்றாள் அவள், கடைக்காரரைப் பார்த்து.

“விட்டுக்கொடுக்கறதுன்னா என்னன்னே சிலருக்குத் தெரியாது சார்,” என்றான் அவன், அதே கடைக்காரரைப் பார்த்து.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. “ரெண்டு பேரும் வாயை மூடுங்க! பாட்டில்ல ஒட்டற ஸ்டிக்கருக்குக் குழந்தை போட்டோ வேணும். என் போனுக்கு யாரோடது முதல்ல வருதோ, அவங்களுக்குப் பெட்டி.”

இரண்டு படங்களும் ஒன்றாகவே வந்து விழுந்தன.

அவன் அனுப்பியதில், முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி அவனோடு நின்று சிரித்தாள். அவளுடைய ஒரு தோளில், படத்தை வெட்டியதில் தப்பிய வளையல் கை.

அவள் அனுப்பியதிலும் அவளோடு அதே சிறுமி, அதே சிரிப்பு. மறுதோளில், மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட கடிகாரக் கை.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அதே வளையல் கையும் அதே கடிகாரக் கையும் இன்னும் பெட்டியை விடவில்லை.